குதிரைக்கு அழுதவர்கள்

உங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர், அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் காதில் விழுந்த பிறகும், "தேத்தண்ணி வேண்டாம், சோடா இருந்தால் தாங்கோ" என்று சொன்னால் உங்களுக்கு என்ன விளங்கும்?

வெயில் அகோரம், மனுசன் குளிராக ஏதாவது குடிக்க ஆசைப்படுகிறார் என்று நினைப்பீர்கள். அப்படி நினைக்க முடிந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். பொன்மலருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பண்டத்தரிப்பில் இருந்து உள்ளே போகிற ஒடுங்கின ஒழுங்கை ஒன்றில், பனைகளுக்கு நடுவில் அவளுடைய வீடு. புருசன் இராசசிங்கம் மரமேறிக் கள் இறக்குகிறவர். அவள் கூலிக்குத் தோட்டத்தில் வெங்காயம் கிண்டப் போகிறவள். அந்த ஒழுங்கையின் பெயரைச் சொன்னால் போதும், கேட்டவர் "ஆ, அந்தப் பக்கமோ" என்று ஒருமுறை இழுப்பார். அதோடு எல்லாம் கேட்டு முடிந்துவிடும். சாதி என்ற சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. இந்தக் காலத்தில் அது நாகரிகம் இல்லையாம்.

அந்த ஒழுங்கைக்கு வருகிற பெரிய மனிதர் எல்லாருக்கும் சோடாதான் தாகம். கிராம சேவையாளருக்குச் சோடா. வாக்குக் கேட்டு வந்து, பிள்ளைகளைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டுப் போகிறவருக்கும் சோடா. இந்த வீட்டுப் பாத்திரம், இந்த வீட்டுத் தண்ணீர், இந்த வீட்டுக் கை, மூன்றும் படாத ஒன்று அவர்களுக்கு வேண்டும். அது கொம்பனியில் அடைத்து வருகிறது. அதிலும் ஒரு முறை இருக்கிறது. போத்தலை அவர்கள் கண் முன்னால் வைத்துத் திறக்க வேண்டும். மூடியின் வளையம் 'டக்' என்று உடைகிற சத்தம் அவர்கள் காதுக்குக் கேட்க வேண்டும். கிளாஸில் ஊற்றிக் கொண்டு வந்தால் பிழை. கடதாசி சுற்றின, உறிஞ்சிக் குடிக்கிற ஸ்ரோவோடு போத்தலாகவே கொடுத்தால் சரி. இதை யாரும் பொன்மலரைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லித் தரவில்லை. தாய் செய்ததைப் பார்த்தாள், தானும் செய்தாள்.

அந்தச் சனிக்கிழமை வரவிருந்தவர் ஷாமினி மிஸ். மகள் நிஷானி படிக்கிற பழைய மிஷன் கல்லூரியில் உயர்தரத்துக்கு ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிறவர். அந்தப் பாடத்துக்கு அங்கே வேறு ஆள் இல்லை. பரீட்சைக்கு இன்னும் எட்டு மாதம். நிஷானி கம்பஸுக்குப் படிக்கப் போவதும், வாழ்நாள் முழுக்கத் தாயைப் போலக் குனிந்து வெங்காயம் கிண்டுவதும் அந்தப் பாடத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பொன்மலர் அப்படித்தான் கணக்குப் பார்த்து வைத்திருந்தாள்.

மிஸ் வருகிற காரணம் நல்ல காரணம். கல்லூரியில் ஆங்கில தினம் வருகிறது. பாடத்துக்கு இருக்கிற அமெரிக்க நாவலைப் பற்றிப் பிள்ளைகள் எழுதின கட்டுரைகளில் நிஷானியுடையதுதான் முதல். அதை அவளே மேடையில் வாசிக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நின்று பழக வேண்டுமென்பதால் தாய் தகப்பனுடைய கையெழுத்துத் தேவை. "அம்மா தோட்டத்துக்குப் போறவ எண்டால் ஏன் மெனக்கெட்டு வரவேணும், நானே வாறன்" என்று மிஸ் சொல்லியிருந்தார்.

அந்த நாவலின் கதை பொன்மலருக்குத் தெரியும். ஒரு பின்னேரம், கொண்டு வந்த வெங்காயத்தைப் பிடியாகக் கட்டிக்கொண்டிருக்கும்போது நிஷானி சொன்னாள். அமெரிக்காவில் பருத்தி விளைகிற சின்ன ஊர் ஒன்று. குதிரைகளைப் பராமரிக்கிற ஒரு கறுப்பு மனிதன்மேல், அவன் செய்யாத குற்றம் ஒன்றை வெள்ளைக்காரர் போட்டு மறியலில் அடைக்கிறார்கள். அவன் கையால் தின்று பழகின கண் தெரியாத கிழட்டுக் குதிரை ஒன்று, அவனுடைய மணம் பிடித்து மறியல் வாசலில் வந்து நிற்கிறது. யாரோ அதைச் சுட்டுவிடுகிறார்கள். ஊரே குதிரைக்காக அழுகிறது. அடுத்த கிழமை மனிதனைத் தூக்கில் போடுகிறார்கள். இவ்வளவையும் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை பார்த்துச் சொல்லுவதுதான் நாவல்.

"குதிரைக்கு ஏனடி அழுகினம்?" பொன்மலர் நாரை இறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அது குறியீடணை. குதிரை எண்டால் ஒரு கள்ளங்கபடமில்லாத மனசு. நோட்ஸிலை அப்பிடித்தான் கிடக்குது. சோதனைக்கும் அதைத்தான் கேப்பினம்."

"அப்ப மனுசனுக்கு ஆர் அழுதது?"

நிஷானி கையில் இருந்த வெங்காயப் பிடியை அப்படியே வைத்துக்கொண்டு தாயைப் பார்த்தாள்.

"ஒருத்தரும் அழேல்லை."

"அப்ப குதிரை அவைக்கு நல்ல வசதியாப் போச்சு. குதிரைக்கு அழுது போட்டு, நாங்கள் நல்ல சனம் எண்டு வீட்டை போய்ப் படுத்திருப்பினம்."

அந்தப் பேச்சைத்தான் நிஷானி கட்டுரையாக்கினாள். குதிரை களங்கமில்லாத மனதின் குறியீடு அல்ல, ஊர் தன் மனச்சாட்சியைக் கழுவக் கண்டுபிடித்த தண்ணீர்ப் பாத்திரம் என்று எழுதினாள். ஒரு மனிதனைப் பார்த்து இரங்குவதற்கு அவன் ஏன் கண் தெரியாத மிருகத்தைப்போல அப்பாவியாக இருக்க வேண்டும்? கொஞ்சம் கோபக்காரனாக, கொஞ்சம் பொய் சொல்லுகிறவனாக இருந்தால் தூக்கில் போடலாமா? ஷாமினி மிஸ் அதை வகுப்பில் சத்தமாக வாசித்தாராம். வாசிக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பொன்மலர் புருசனிடம் மெல்லச் சொன்னாள்: "இஞ்சருங்கோ, சங்கானைப் பக்கம் போனால் ஒரு சோடாவும் வாங்கிக்கொண்டு வாங்கோ."

உள்ளே இருந்த நிஷானிக்குக் கேட்டுவிட்டது.

"என்னத்துக்கணை சோடா?"

"வெயிலுக்குக் கிடக்கட்டும் எண்டுதான்."

"நாங்கள் ஆரும் வெயிலுக்குச் சோடா குடிக்கிறனாங்களோ? மிஸ் அப்பிடியான ஆளில்லை. ரெண்டு வருசமா எங்களுக்கு இதைத்தானே படிப்பிக்கிறவ. அவவைக் கொண்டுபோய்க் கிராம சேவையாளரோடை சேக்கிறியள்."

"நான் ஆரையும் ஆரோடையும் சேக்கேல்லை."

"சோடா வாங்கினால் நான் மேடை ஏற மாட்டன். சொல்லிப் போட்டன்."

இராசசிங்கம் காலைக் கழுவிக்கொண்டே, "சரி, நான் வாங்கேல்லை. கட்சி மாறிட்டன்" என்று சிரித்தார். அடுத்த நாள் காலை பொன்மலர் தானே போய் வாங்கினாள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மகள் கண்டுவிடுவாள் என்று, குசினிக்குப் பின்னால் தண்ணீர் வாளிக்குள் போட்டுச் சாக்கால் மூடி வைத்தாள். நிஷானியோ கடையில் இருந்து நீலப் பூப்போட்ட கப்பும் சோசரும் வாங்கி வந்திருந்தாள். அதை மூன்றுமுறை கழுவினாள்.

மிஸ் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நாற்பது நாற்பத்திரண்டு வயது. நல்ல சிரித்த முகம். பாட்டன் போதகராக இருந்தவர், அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறை ஆசிரியர்கள். பொன்மலரின் குடும்பமும் வேதக்காரர்தான். ஆனால் அவர்களுடைய சேர்ச் வேறு, இவர்களுடையது வேறு. வேதப்புத்தகம் மட்டும் ஒன்று.

"எவ்வளவு குளிர்மையான இடம்! நிஷானி, நீர் குடுத்து வைச்சனீர், பனைக்குள்ளை வீடு." மிஸ் கதிரையில் வசதியாகச் சாய்ந்து இருந்தார். பொன்மலரின் கையைப் பிடித்தார். உண்மையாகப் பிடித்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். "அம்மா, உங்கடை மகள் சும்மா ஆளில்லை. இவ்வளவு வருசத்திலை இப்பிடி ஒரு கட்டுரை என்ரை கையாலை திருத்தினதில்லை."

ஒரு கணம், தான்தான் பிழையாக நினைத்துவிட்டேன் என்று பொன்மலருக்கு வெட்கமாக இருந்தது. வாளிக்குள் கிடக்கிற சோடாவை மிஸ் போன பிறகு தானே குடித்து முடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

நிஷானி இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணியை நீலப் பூக் கப்பில் கொண்டு வந்தாள். தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"ஐயோ பிள்ளை, எனக்குத் தேத்தண்ணி வேண்டாம். வயித்திலை காஸ்ரிக் கரைச்சல்." மிஸ் சிரிப்பு மாறாமல் சொன்னார். "உந்த வெயிலுக்கு வேறை... சோடா ஏதும் இருந்தால் பாருங்கோ. இல்லாட்டில் பரவாயில்லை, ஒண்டும் வேண்டாம்."

நிஷானி தட்டோடு நின்றாள்.

பொன்மலர் எழும்பிப் பின்பக்கம் போனாள். வாளிக்குள் இருந்து போத்தலை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். ஸ்ரோவோடு கொண்டு வந்து மிஸ்ஸின் முன்னால் வைத்தாள். மூடியைத் திருகினாள். டக்.

மிஸ் போத்தலில் ஸ்ரோ வைத்துக் குடித்தார். காஸ்ரிக் உள்ளவர்களுக்கு வாயுவுள்ள சோடா ஒத்துக்கொள்ளுமா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கையெழுத்து வாங்கினார். குறியீடு பற்றி இன்னும் கொஞ்சம் கதைத்தார். "இருட்டமுன்னம் ஸ்கூட்டரிலை போகோணும், இல்லாட்டில் இண்டைக்கு இஞ்சையே இருந்து கதைச்சுக்கொண்டிருப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒழுங்கை முனையில் ஸ்கூட்டர் சத்தம் மறையும்வரை நிஷானி தட்டைக் கீழே வைக்கவில்லை. பிறகு மிஸ்ஸை விட்டுவிட்டுத் தாயில்தான் பாய்ந்தாள்.

"நீங்கள் வாங்கி வைச்சபடியால்தான் கேட்டவ!"

"நான் வாங்கி வைச்சது அவவுக்கென்னெண்டடி தெரியும்?"

"இல்லாட்டில் குடிச்சிருப்பா. வேறை வழியில்லாமல் குடிச்சிருப்பா."

"இல்லாட்டில் ஒண்டும் குடியாமல் போயிருப்பா. அப்ப உன்ரை முகத்தை எங்கை கொண்டு போய் வைச்சிருப்பாய்?"

"இடைவேளைக்கு ரெண்டு கப் பிளேன் ரீ குடிக்கிறவ! எங்கடை வகுப்பு றஜனிதான் கொண்டு போய்க் குடுக்கிறவள். ரெண்டு வருசம், ஒருநாள்கூட என்னட்டைக் கொண்டுவரச் சொன்னதில்லை. நான் மொக்கச்சி, என்னைப் படிக்க விடுகிறா எண்டு நினைச்சன்."

பின்னேர மரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இராசசிங்கம் ஆறின தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். கப்பை வைத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"எங்கடை கையாலை கள்ளு இறங்கும் பிள்ளை. அவையின்ரை தொண்டைக்குள்ளை நல்லா இறங்கும். கொப்பன் நான் இறக்கிற கள்ளுக்கு எத்தினை மாஸ்ரர்மார் வேலிக்குப் பின்னாலை நிக்கினம் தெரியுமே? தேத்தண்ணிதான் இறங்காது."

நிஷானி சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் கட்டுரையில் புதிதாக ஒரு பந்தி எழுதிச் சேர்த்துக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம், தோட்டத்து வரம்பில் இருந்து சோறு தின்கிறபோது பொன்மலருடைய போன் அடித்தது. தோட்டக்காரர் வீட்டில் இருந்து தேத்தண்ணி வந்திருந்தது. வேலைக்கு வருகிறவர்கள் தங்கள் தங்கள் தகரப் பேணியைக் கொண்டு போக வேண்டும். தோட்டக்காரர் வீட்டார் தங்கள் பாத்திரம் படாமல் உயரத்தில் இருந்து ஊற்றுவார்கள். பொன்மலர் ஒரு கையில் பேணியோடும் மறு கையில் போனோடும் எழும்பி நின்றாள்.

"நிஷானியின்ரை அம்மாவோ? ஷாமினி மிஸ் கதைக்கிறன்."

"ஓம் மிஸ்."

"நிஷானி ஒரு பந்தி சேத்திருக்கிறா. உங்கடை வீட்டை நான் வந்ததைப் பற்றி. சோடா குடிச்சதைப் பற்றி. குதிரையைச் சுட்டாப் பிறகு வாற இடத்திலை. பேர் போடேல்லை, ஆனால் ஆருக்கும் விளங்கும்."

"ஓம் மிஸ்."

"அம்மா, எனக்கு அப்பிடி ஒரு வித்தியாசமும் இல்லை. இருந்திருந்தால் உங்கடை வீடு தேடி வந்திருப்பனோ சொல்லுங்கோ? நாவல் அமெரிக்காவைப் பற்றினது. எங்கடை இடத்திலை உதெல்லாம் எப்பவோ முடிஞ்சு போன கதை. இப்ப போய் ஏன் கிளறுவான்? விருந்தினர் கனடாவிலை இருந்து வாறார், பழைய மாணவர். அந்தப் பந்தி இருக்குமெண்டால் நான் றஜனியின்ரை கட்டுரையைத்தான் போட வேண்டி வரும். சோதனையும் வருது. அவவின்ரை நன்மைக்குத்தான் சொல்லுறன்."

"ஓம் மிஸ். நான் சொல்லுறன் மிஸ்."

வீட்டுக்கு வந்ததும் பொன்மலர் மகளை முன்னால் நிறுத்தினாள்.

"அந்தப் பந்தி வேண்டாம்."

"ஏன்? பொய்யோ?"

"பொய்யெண்டு ஆர் சொன்னது? வேண்டாம் எண்டுதான் சொன்னனான்."

"அம்மா, உது நீங்கள் கேட்ட கேள்வி. 'மனுசனுக்கு ஆர் அழுதது' எண்டு நீங்கள்தானே கேட்டனீங்கள்?"

"வெங்காயம் கட்டேக்கை நான் ஆயிரம் கேப்பன். எல்லாத்தையும் எழுதுறதோ? இன்னும் எட்டு மாசம். வாயை மூடிக்கொண்டு எட்டு மாசம் இரு. சோதனை பாஸ் பண்ணிக் கம்பஸுக்குப் போ. பிறகு புத்தகமே எழுது. இப்ப என்ரை தலையிலை கையை வைச்சுச் சொல்லு, வாசிக்க மாட்டன் எண்டு."

"சத்தியம் பண்ணாதை எண்டு வேதத்திலை கிடக்குதணை."

"கிடக்கட்டும். வை."

நிஷானி வைத்தாள். அந்தக் கையில் பாரமே இல்லை. பொன்மலருக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்சம் அடம்பிடித்திருக்கலாம் என்று தோன்றியது.

ஆங்கில தினத்தன்று இராசசிங்கம் காலையிலேயே மரத்தை முடித்துக் குளித்து வெள்ளைச் சேட் போட்டார். பொன்மலர் பச்சைச் சேலை. மண்டபத்தில் முன்வரிசைக் கதிரைகளுக்கு உறை போட்டிருந்தது. வாசலில் நின்ற மாணவி எங்கே இருக்கலாம் என்று கையைக் காட்டுவதற்கு முன்னாலேயே இரண்டு பேரும் கடைசி வரிசைக்குப் போய் இருந்துவிட்டார்கள். கால் தானாகவே அங்கே போகும்.

நிஷானி மேடைக்கு வந்து ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்குச் சரிசெய்தாள். வாசிக்கத் தொடங்கினாள். பொன்மலருக்கு ஆங்கிலம் ஒன்றும் விளங்காது. 'ஹோர்ஸ்' என்றால் குதிரை என்பது மட்டும் தெரியும். சோடாவுக்கு ஆங்கிலத்திலும் சோடாதான். இந்த இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டு அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஹோர்ஸ் வந்தது. மறுபடியும் வந்தது. மண்டபம் அமைதியாகிக்கொண்டே போனது. முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சரி, குதிரையைச் சுட்டுவிட்டார்கள் என்று பொன்மலர் விளங்கிக்கொண்டாள்.

நிஷானி நிமிர்ந்தாள். கடைசி வரிசையைப் பார்த்தாள். தாயின் கண்ணைத் தேடிப் பிடித்தாள்.

சொல்லாதை, சொல்லாதை, சொல்லாதை என்று பொன்மலர் மனதுக்குள் கும்பிட்டாள்.

நிஷானி குனிந்து மிச்சத்தை வாசித்தாள். சோடா என்ற சொல் வரவில்லை. 'தாங்க் யூ' என்றாள். மண்டபம் கைதட்டியது. ஷாமினி மிஸ் எழும்பி நின்று தட்டினார்.

பொன்மலர் கேட்டது கேட்டபடி நடந்தது. நிம்மதி வர வேண்டும் அல்லவா? வரவில்லை. நெஞ்சுக்குள் பச்சை மிளகாயை அரைத்துப் பூசினது போல எரிந்தது. தன்னுடைய மகளின் வாயைத் தானே பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தது போல, அந்தக் கை இன்னும் ஈரமாக இருப்பது போல, அவள் உள்ளங்கையைச் சேலையில் துடைத்தாள்.

பிறகு கனடா விருந்தினர் பேசினார். ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்தார். "அந்தக் குருட்டுக் குதிரையை நினைச்சால் எனக்கு இப்பவும் கண் கலங்குது" என்றார். உண்மையாகவே கலங்கியிருந்தது. "அங்கை போன புதிசிலை எங்களையும் நிறத்தைப் பாத்துத்தான் நடத்தினவங்கள். நான் பட்டிருக்கிறன். நல்லகாலம், எங்கடை மண்ணிலை, எங்கடை சனத்துக்குள்ளை அப்பிடி ஒரு வியாதி இல்லை."

எல்லாரும் தட்டினார்கள். அதிகம் தட்டினது அதற்குத்தான்.

நிகழ்ச்சி முடிந்ததும், பரிசு பெற்ற பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரை அதிபரின் அறைக்குத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார்கள். விருந்தினர் சிரித்த முகமாகப் பொன்மலரிடம் வந்தார்.

"கெட்டிக்காரப் பிள்ளை. அம்மா எந்த இடம்?"

பொன்மலர் ஒழுங்கையின் பெயரைச் சொன்னாள்.

"ஆ... அந்தப் பக்கமோ" என்றார். சிரிப்பு அப்படியே இருந்தது. கால் மட்டும் அரை அடி பின்னால் போனது.

அந்த நேரம் பியோன் பெரிய தட்டத்தில் தேத்தண்ணி கொண்டு வந்தார். பொன்ஓரம் வைத்த வெள்ளைக் கோப்பைகள். பொன்மலர் எழும்பினாள். தட்டத்தில் இருந்து ஒரு கோப்பையைச் சோசரோடு எடுத்தாள். அறையைக் குறுக்கே கடந்து போய் ஷாமினி மிஸ்ஸின் முன்னால் நீட்டினாள்.

"குடியுங்கோ மிஸ்."

"ஐயோ, இருக்கட்டும். நீங்கள் குடியுங்கோ அம்மா."

"இது கல்லூரித் தேத்தண்ணி மிஸ். கல்லூரிக் கோப்பை. என்ரை கை மட்டும்தான் என்ரை. குடியுங்கோ."

"எனக்குக் காஸ்ரிக்..."

றஜனி பக்கத்தில் நின்றாள். சூதுவாது தெரியாத பிள்ளை. "மிஸ், இப்பதானே மேடைக்குப் பின்னாலை நான் ரீ கொண்டந்து தந்தனான். சீனி காணாது எண்டும் சொன்னனீங்கள்" என்றாள்.

யாரோ இருமினார்கள். மிஸ் கையை நீட்டிக் கோப்பையை வாங்கினார். வாய்க்குக் கொண்டு போகவில்லை. மேசையில் வைத்தார். வைத்த பிறகு கோப்பையைப் பிடித்த இரண்டு விரலையும் ஒன்றோடொன்று தேய்த்தார், அவருக்கே தெரியாமல்.

அந்த விரலைத்தான் பொன்மலர் பார்த்தாள்.

"என்ரை மகள் ஒரு பந்தி எழுதினவள்," அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "அதை வாசிக்க வேண்டாம் எண்டு நீங்கள் சொன்னியள். நானும் சொன்னனான். எனக்கு இங்கிலீஸ் தெரியாது, ஆனபடியால் தமிழிலை சொல்லுறன். எங்கடை வீட்டை வந்து நீங்கள் சோடா கேட்டனீங்கள். நானும் முதலே வாங்கி ஒளிச்சு வைச்சிருந்தனான். அதுதான் எனக்குப் பெரிய வெக்கம். உங்களுக்காக என்ரை பிள்ளையோடை சண்டை பிடிச்சன். மூடியை உங்கடை கண்ணுக்கு முன்னாலை உடைச்சன். அண்டைக்கும் நீங்கள் குதிரையைப் பற்றித்தான் கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள்."

"அம்மா," அதிபர் எழும்பினார், "தயவு செய்து. இது அதுக்கான இடம் இல்லை."

"அந்த இடம் எது சேர்? சொல்லுங்கோ, அங்கை வந்து சொல்லுறன். எங்கடை சேர்ச்சிலையோ, உங்கடை சேர்ச்சிலையோ? தோட்டத்திலையோ? அங்கை நான் பேணியோடை நிக்கிறன். எனக்கு எல்லா இடத்திலையும் வாயை மூடச் சொல்லித்தான் பழக்கம். நானும் பிள்ளைக்கு அதைத்தான் பழக்கினனான்."

விருந்தினர் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். பொன்மலர் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, நீங்கள் குதிரைக்கு அழுதியள். நல்லது. அந்தக் குதிரை அமெரிக்காவிலை செத்தது. அதுக்கு அழுதால் ஒருத்தருக்கும் நட்டமில்லை. எங்கடை சனத்துக்கு வியாதியில்லை எண்டியள். என்ரை ஒழுங்கையின்ரை பேரைக் கேட்டோடனை உங்கடை கால் ஏன் பின்னாலை போனது?"

ஷாமினி மிஸ்ஸின் முகம் சிவந்து, கண் நிறைந்து வந்தது. "நான் இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு செய்தனான்..." என்று தொடங்கினார். அதற்குமேல் வரவில்லை. அருகில் இருந்த ஆசிரியைகள் இரண்டு பேர் ஓடிவந்து மிஸ்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். "அழாதையுங்கோ மிஸ், உவையளுக்கு நன்றியில்லை" என்று ஒருவர் காதுக்குள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த அறை முழுக்க மிஸ்ஸைத்தான் தேற்றிக்கொண்டிருந்தது.

நிஷானி சுவரோடு நின்றாள். அவளிடம் யாரும் போகவில்லை.

இராசசிங்கம் எழும்பி, தன் சேட்டை இழுத்து நேராக்கினார். "வாங்கோ போவம்" என்றார். தனக்குக் கொடுத்த புத்தகப் பரிசை நிஷானி மேசையில் வைக்கப் போனாள். "அதை ஏன் வைக்கிறாய்? உன்ரை புத்தகம். நீ எழுதி எடுத்தது" என்று பொன்மலர் பறித்து அவள் கைக்குள்ளேயே திணித்தாள்.

மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். கொஞ்சத் தூரம் போன பிறகு நிஷானி யன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"என்னைச் சத்தியம் பண்ண வைச்சுப் போட்டு நீங்கள் போய்ச் சொல்லுறியள் என்ன?"

"நான் சத்தியம் பண்ணேல்லையே."

முன் சீட்டில் இருந்த இராசசிங்கம் தோள் குலுங்கச் சிரித்தார். நிஷானிக்கும் சிரிப்பு வந்தது. பொன்மலருக்கு வரவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை. எட்டு மாதம், எட்டு மாதம் என்று மனம் ஒரு பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு வருடமும் எத்தனை மூடி உடைத்தேன் என்று மறுபக்கம் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலை நிஷானி ஏழு மணி பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனாள். முதல் இரண்டு பாடமும் ஆங்கில இலக்கியம். ஷாமினி மிஸ் நேரத்துக்கு வந்து, நாவலில் உள்ள குறியீடுகளைப் பற்றி ஒவ்வொருவராக எழுப்பிக் கேள்வி கேட்டார். வகுப்பில் ஆறு பேர். ஐந்து பேரிடம் கேட்டார்.